நடக்கிறேன், சோற்றைக் குறைத்தேன், எடை மட்டும் ஏறுகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் தங்கை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 44, உயரம் 154 செண்டிமீட்டர். நான்கு மாதங்களுக்கு முன் 66 கிலோ இருந்தவர் இப்போது 69.5 கிலோ. இந்த நான்கு மாதமும் இரவுச் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தியோ பொட்டல ஓட்ஸ் பானமோ எடுத்துக்கொள்கிறார். மாலையில் தோழிகளோடு தமிழ்ப்பள்ளித் திடலைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்கிறார். நீரிழிவு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டு வந்தவருக்கு, சர்க்கரை ஏறிவிட்டது என்று மூன்றரை மாதத்துக்கு முன் சுகாதாரக் கிளினிக்கில் கிளிக்லசைடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காக ஐந்து மாதமாகப் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய மூலிகைக் கேப்சூல் ஒன்றும் சாப்பிடுகிறார். நாத்தனார் மெலிவதற்கென்று கோப்பிப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, "இது தைராய்டாகத்தான் இருக்கும்" என்றும் சொல்லியிருக்கிறார். "நான் என்ன தவறு செய்கிறேன்? பேசாமல் நடப்பதை நிறுத்திவிடட்டுமா?" என்பது கேள்வி.

தங்கச்சி, நடையை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது வேறொன்று இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். அதையும் நீங்களாக, ஒரே நாளில், நிறுத்திவிடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

அரசு மருத்துவமனைகளில் உணவியலாளராக நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். எடை ஏறுகிறது என்று வருபவர்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசுவார்கள். மருந்தைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வார்கள். உங்கள் கடிதத்திலும் சாப்பாட்டுக்குப் பத்து வரி, மருந்துக்கு ஒன்றரை வரி. எனக்கு அந்த ஒன்றரை வரிதான் கண்ணில் பட்டது. நீங்கள் சொன்னவற்றைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து மாதத்துக்கு முன் கேப்சூல் தொடங்குகிறது. அடுத்து எடை ஏறத் தொடங்குகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. பிறகு கிளிக்லசைடு வருகிறது. எடை இன்னும் ஏறுகிறது.

மலேசியாவில் பாரம்பரிய மருந்தென்று விற்கப்படும் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்து வருகிறது. மூட்டுவலி, உடல்வலி, நரம்புத்தளர்ச்சி என்று சொல்லி விற்கும் ஜாமு மாத்திரைகளும் கேப்சூல்களும் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருபவை. நம் உடல் தானாகவே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலைவிட டெக்சாமெத்தசோன் ஏறத்தாழ 25 மடங்கு வலிமையானது. அதனால்தான் இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. "எத்தனையோ மருந்து சாப்பிட்டேன், இது ஒன்றுதான் கேட்டது" என்று வாங்குபவரே விளம்பரம் செய்கிறார். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. முதல் வாரத்திலேயே வலி சுத்தமாகப் போனது என்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

ஸ்டீராய்டு உடலுக்குள் போனால் பசி எடுத்துக்கொண்டே இருக்கும். முகம் வட்டமாகும், வயிற்றிலும் பிடரியிலும் கொழுப்பு சேரும், கையும் காலும் மட்டும் மெலியும். தோல் லேசாக இடித்தாலே கன்றிப்போகும். இரத்த அழுத்தம் ஏறும். இரத்தச் சர்க்கரை ஏறும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவருக்கு நன்றாகவே ஏறும். இப்போது அந்தத் தாளைத் திரும்பப் பாருங்கள். கேப்சூல் சர்க்கரையை ஏற்றியிருக்கலாம். கேப்சூலைப் பற்றித் தெரியாத மருத்துவர், சர்க்கரை ஏறிவிட்டதே என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்திருக்கலாம். அந்த மாத்திரைக்கும் எடையைக் கூட்டும் குணம் உண்டு. கூடிய எடை முழங்காலை இன்னும் அழுத்தும். இன்னொரு போத்தல் கேப்சூல் வாங்க வேண்டிவரும். நடந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். தட்டில் இருக்கும் சோற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போத்தலின் மேல் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஒளிர்படிவ வில்லையும் (ஹோலோகிராம் ஸ்டிக்கர்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். எண் இருப்பதாலேயே நம்பிவிட முடியாது. போலி எண் ஒட்டியும் விற்கிறார்கள். ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்து, அங்கே வரும் பெயரும் உங்கள் போத்தலில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடலாம். உங்கள் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

இனி மிக முக்கியமானது. கேப்சூலில் ஸ்டீராய்டு இருந்து, அதை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், கார்டிசோலைச் சுரக்கும் நம் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் கேப்சூலைச் சட்டென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதைப் படித்ததும் கோபத்தில் போத்தலைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். போத்தலோடு, பெட்டியோடு, இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த 'அப்பாய்ண்ட்மெண்ட்' வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் பார்த்து, தேவையானால் காலை நேரக் கார்டிசோல் அளவைச் சோதித்து, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று சொல்வார். திட்டுவார்களோ என்ற கூச்சம் வேண்டாம். அவர்கள் இதை வாரந்தோறும் பார்ப்பவர்கள்.

கிளிக்லசைடு கதை வேறு. அது நல்ல மருந்து. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. இந்த வகை மாத்திரைகளாலும் இன்சுலின் ஊசியாலும் ஓரிரு கிலோ கூடுவது மருத்துவர்கள் எதிர்பார்ப்பதுதான். நோயாளியிடம் அதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். எடை எப்படிக் கூடுகிறது? இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டினால், சிறுநீரகம் மிஞ்சியதைச் சிறுநீரில் விட்டுவிடும். அப்படி நாளுக்கு 50 கிராம் வெளியேறினால், கிராமுக்கு 4 கலோரி வீதம் 200 கலோரி வீணாகிறது. சர்க்கரை கட்டுப்படாத காலத்தில் பலர் 'எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை' என்று சொல்வது இதனால்தான். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அந்த ஒழுக்கு அடைபடுகிறது. சாப்பிட்டது முழுவதும் உடம்பில் தங்குகிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. மூன்றரைக் கிலோவும் கொழுப்பே என்று வைத்துக்கொண்டால் சுமார் 27,000 கலோரி. நான்கு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 225. சிறுநீரில் போய்க்கொண்டிருந்த 200க்கும் இந்த 225க்கும் இடையே இருப்பது ஒரு பிஸ்கட் தூரம். உங்கள் உணவில் எதுவுமே மாறாமல்கூட இந்த எடை ஏறியிருக்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கிளிக்லசைடு சாப்பிடுபவர் இரவு உணவைக் குறைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை கணையத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே சோறு போயிருக்காது. சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், எதையாவது தின்றே ஆகவேண்டும் என்று இருக்கும். இரவு பதினொரு மணிக்கு எழுந்து இனிப்பு ரொட்டியைத் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் வாய்ச்சபலம் என்று நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். எனக்கு அது தாழ்சர்க்கரையாகத் தெரிகிறது. அடுத்த முறை அப்படி வந்தால் விரலில் குத்தி அளந்து எழுதி வையுங்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். அந்த நேரத்தில் சாக்லேட் சரிப்படாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அளந்த எண்களை மருத்துவரிடம் காட்டினால் அவரே அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், எடை கூட்டாத வேறு மருந்துக்கு மாற்றலாம். மெட்பார்மின் எடையைக் கூட்டாது. எம்பாக்ளிபுளோசின், டாபாக்ளிபுளோசின் போன்றவை எடையைச் சற்றுக் குறைக்கவே செய்யும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அவர் எடுக்க வேண்டிய முடிவு.

அதுவரைக்கும் இரவுச் சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரு சின்ன மங்கு அளவு, 100 கிராம் சோறு, 130 கலோரிதான். எண்ணெய் விட்டுச் சுட்ட இரண்டு சப்பாத்தி அதைவிடக் கூடுதல். கடைச் சப்பாத்தியானால் ஒன்றே கூடுதல். பொட்டல ஓட்ஸ் பானத்தில் ஓட்ஸைவிட மால்ட்டும் சீனியும் கிரீமரும்தான் அதிகம் இருக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் பொருள்களின் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறது என்று படியுங்கள், அதிகமாக உள்ளது முதலில் வரும். சோற்றைக் குற்றவாளியாக்கிவிட்டு அதன் இடத்தில் இவற்றை உட்கார வைப்பது நம் ஊரில் பெரிய வழக்கமாகிவிட்டது. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை போதும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு அல்லது தெம்பே, அரைப் பங்கு காய்கறியும் பழமும். வறுத்த கெம்போங் மீனுக்குப் பதிலாகப் புளிக்குழம்பில் போட்ட கெம்போங் மீன் என்றால் இன்னும் நல்லது.

மருந்தை முதலில் பேசினேன் என்பதற்காகச் சமையலறையை விட்டுவிடப் போவதில்லை.

1992ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நாளுக்கு 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று துல்லியமாக அளந்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடல் உழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தது தெரிந்தது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில், அதாவது உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகத்தில், குறை எதுவும் இல்லை. அவர்கள் பொய்யர்களும் அல்லர். நின்றுகொண்டு வாயில் போட்டது, பிள்ளை மிச்சம் வைத்தது, குடித்தது, தாளித்தது எதுவும் 'சாப்பிட்டேன்' என்ற கணக்கில் மனத்தில் பதிவதில்லை. எனக்கும் உங்களுக்கும் மனம் அப்படித்தான் வேலை செய்யும்.

அதனால் நான் யாரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். மாதத்துக்கு எத்தனைப் பொட்டலம் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று கேட்பேன். கடையில் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ செம்பனை எண்ணெய்ப் பொட்டலம்; எண்ணுவது எளிது, ஞாபகமும் பொய் சொல்லாது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து பொட்டலம் தீர்ந்தால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, ஆக 370 சொச்சம். அப்பளம் பொரித்த எண்ணெயில் கொஞ்சத்தை ஊற்றிவிடுவீர்கள் என்று கழித்தாலும் 300க்குக் குறையாது. நெத்திலிச் சம்பல், கத்திரிக்காய்ப் பொரியல், தேங்காய்ப்பால் விட்ட கறி என்று சமைக்கும் வீட்டில் ஐந்து பொட்டலம் பெரிய விஷயமே அல்ல. ஐந்தை மூன்றரையாக்கினால் ஒவ்வொருவருக்கும் நாளுக்குச் சுமார் 110 கலோரி குறைகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாமலே. சீனிக்கும் இதே கணக்கைப் போடுங்கள்.

அடுத்தது குடிப்பது. நடை முடிந்து தோழிகளோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை நீங்கள் எழுதியதே ஓர் ஓரமாகத்தான். டின் பால் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் சீனி. இப்போது கடைகளில் ஊற்றுவது பெரும்பாலும் செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். ஒரு கோப்பையில் 150 கலோரிக்குக் குறையாது. 70 கிலோ உடம்பு முக்கால் மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவது 130 அளவுதான். பேச்சுக்கு நடுவே நின்று நின்று நடந்தால் அதுவும் இல்லை. கோப்பையும் நடையும் சமன். பக்கத்தில் ஒரு வடை வந்தால் திடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர் உங்களைவிடக் குறைவாக எடை போட்டிருப்பார். தோழிகளை விட்டுவிட வேண்டாம், அந்தப் பேச்சு உடம்புக்கு வேண்டிய மருந்து. 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று சொல்லிவிட்டு அதே நாற்காலியில் உட்காருங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் 'கூராங் மானிஸ்' என்று தொடங்கலாம். ஆனால் இனிப்பைக் குறைத்து என்று சொன்னதும் கடைக்காரர் குறைப்பது சீனியைத்தான், டின் பாலை அல்ல.

அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள அடைத்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. பிறகு அதை உயர்த்தியும் இருக்கிறது. கடையில் கையால் கலக்கும் தேநீரை அந்த வரி தொடவில்லை. நம் ஊரில் சீனி உள்ளே போகும் பெரிய வாசல் எது என்று பார்த்தால், வரி போட்ட இடம் எனக்குப் பாதிக் கதவாகத்தான் தெரிகிறது.

நடையால் எடை குறையாது என்றால் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நடந்த சில மணி நேரத்துக்குத் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும்; உங்களுக்கு அதுவே போதுமான காரணம். இரத்த அழுத்தமும் தூக்கமும் மூட்டும் அதனால் சீராகும். எடையைக் குறைக்கும் வேலையை மட்டும் நடையின் தலையில் கட்டாதீர்கள். கூடவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது. நாற்பதுக்கு மேல் பெண்களுக்குத் தசை கரைகிறது, மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்க நெருங்கக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறுகிறது. வயதானால் வளர்சிதை மாற்றமே படுத்துவிடும் என்ற பேச்சு மட்டும் சரியல்ல. பிறந்த குழந்தை முதல் 95 வயது வரையிலான 6,400க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2021ல் வெளியான பெரிய ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய மாறாமலே இருந்தது.

மாறியது வேலை. உங்கள் அம்மாவின் தலைமுறை விடிவதற்கு முன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், வாளியைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாகப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி, மத்தியானம் வீட்டுக்கு வந்து விறகும் பொறுக்கியது. அந்தத் தட்டுச் சோறு அந்த வேலைக்காக அளந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்தோம். தொழிற்சாலை பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. தட்டின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. நாட்டில் பெரியவர்களில் அதிக எடையும் பருமனும் உள்ளவர்கள் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் 50.1 விழுக்காடு, 2023ல் 54.4. நீங்கள் மட்டும் தனியாக எதையோ தவறாகச் செய்துவிடவில்லை.

இந்திய வம்சாவளி உடலுக்கென்று ஒரு குணமும் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் 2004ல் தங்கள் இருவரையுமே அளந்து ஒரு மருத்துவ இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் நம்மவர் உடலில் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றில். ஆகவே ஆசியர்களுக்கு அந்தக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று வைத்திருக்கிறார்கள். உங்களுடையது இப்போது 29.3. எடைத்தட்டைவிட இடுப்பு நாடாவை நம்புங்கள். பெண்களுக்கு 80 செண்டிமீட்டர், ஆண்களுக்கு 90. எடை அசையாமல் இடுப்பு இரண்டு செண்டிமீட்டர் இறங்கினால் அது வெற்றி.

எடைத்தட்டு தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறது. புதிதாக நடக்கத் தொடங்கும்போது தசை கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரையைச் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்கும். மாதவிடாய்க்கு முன்னும், கருவாடும் மேகி மீயும் சாப்பிட்ட மறுநாளும் ஒரு கிலோ கூடிக் குறையும். நான்கு மாத ஏற்றத்துக்கு இது விளக்கமாகாது, வாராந்தர ஏமாற்றத்துக்கு விளக்கமாகும். காலையில் கழிவறைக்குப் போய்வந்த பின், ஒரே தட்டில் நிறுத்து, வாரச் சராசரியை மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, படுத்தால் மூச்சு வாங்கினால் அது வேறு சங்கதி. இருதயமோ சிறுநீரகமோ நீரைத் தேக்குகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தைராய்டு பற்றிச் சுருக்கமாக. அதன் சுரப்பு குறைந்தால் எடை கூடும் என்பது மெய். ஆனால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், தோல் வறட்சி கூடவே இருக்கும். டிஎஸ்எச் என்ற ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கருத்தடை ஊசி, வலிப்புக்கான வால்புரோயேட், மனநல மருந்தான ஒலான்சபைன், அமிட்ரிப்டிலைன், மிர்ட்டசபைன் முதலியவையும் எடை கூட்டுபவை. மாதவிடாய் ஒழுங்கில்லாத இளம் பெண்கள் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இரவு ஷிப்ட் வேலை செய்பவர்கள் தூக்கத்தைச் சரிசெய்யாமல் தட்டை மட்டும் சுருக்கினால் பசி ஹார்மோன்கள் வென்றுவிடும்.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு பையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க மாத்திரைகள், பாசார் மாலாம் கேப்சூல் போத்தல், தேதி எழுதிய தாள், விரல் குத்தி அளந்த எண்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), சிறுநீரகம், டிஎஸ்எச் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். "முழங்கால் வலி உண்மையாகவே இருக்கிறது, கேப்சூலுக்குப் பதிலாக எதைச் சாப்பிடுவது, இயன்முறைச் சிகிச்சைக்கு அனுப்ப முடியுமா" என்று தவறாமல் கேளுங்கள். வலிக்கு வழி சொல்லாமல் கேப்சூலை மட்டும் பிடுங்கினால் அடுத்த மாதம் இன்னொரு போத்தல் வாங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக் கட்டணத்தில் இவ்வளவையும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நாத்தனார் கொடுத்த கோப்பிப் பொட்டலமும் அதே பைக்குள் போகட்டும், ஒரு கோப்பையும் கலக்காமல். இப்படிப்பட்ட கோப்பிகளில் பசியை அடக்கும் சிபுட்ராமைன் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்து 2010ல் உலகின் பல நாடுகளில் விலக்கப்பட்ட மருந்து அது. உங்களுக்கு நீரிழிவு வேறு. நாத்தனாரும் அதே கோப்பியைக் குடிக்கிறார் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்தகச் சன்னலில் இருக்கும் மருந்தாளர் இருவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுவார்.